இரண்டாம் மாதத்திலேயே ஏன் காது குத்தினோம்

1

அயல்நாட்டில் வாழும் தாய்மார்கள் தங்கள் குடும்பத்தைப் பற்றியும் நகர வாழ்க்கையைப் பற்றியும் பயணங்களைப் பற்றியும் எழுதி அனுப்பலாம் என்று இந்தப் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. ஊரிலிருந்து வந்தவர் ஒருவர் கொண்டுவந்த அப்பளக் கட்டைச் சுற்றியிருந்த தாளில் அதைப் படித்தேன். படித்ததும் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. இதையெல்லாம் யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

தப்பாக நினைக்க வேண்டாம். நான் இருக்கும் ஊர் அப்படி. இலங்கையின் மலைநாட்டில், நுவரெலியாவில் இருக்கிறேன். இங்கே யாராவது வந்து "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றால் நான் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பேன். சப்பாத்து, அதாவது பூட்ஸ், போட்டிருந்தால் கச்சேரியிலிருந்து, அரசாங்க ஆபீசிலிருந்து, வந்தவராக இருக்கலாம். அப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். காரணம் என் அண்ணியின் கடிதம். என் மகள் கமலாவைத் திருச்சியில் என் அண்ணன் மகனுக்கே கொடுத்திருக்கிறோம். எனவே அண்ணி அவளுக்கு மாமியார். கமலாவின் குழந்தை சித்ராவுக்குப் போன மாதத்தோடு ஒரு வயது முடிந்தது. முடியிறக்கிக் காது குத்த வேண்டிய வயது. முடியிறக்கிவிட்டார்கள். காது குத்த வழியில்லை, ஏனென்றால் குழந்தைக்கு இரண்டு மாதம் ஆவதற்குள் நாங்கள் இங்கேயே குத்தி அனுப்பிவிட்டோம். பிள்ளைக்கு என்ன தோஷம், எந்தச் சோசியன் சொன்னான், எங்களிடம் எதை மறைக்கிறீர்கள் என்று அண்ணி எழுதியிருக்கிறார். உறவுக்காரர்களும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். அவருக்குத் தனியாகப் பதில் எழுதினால் நாலு பேருக்கு நாலு விதமாகச் சொல்வார். அச்சில் வந்துவிட்டால் எல்லோரும் ஒரே மாதிரிப் படிப்பார்கள்.

"எழுது, ஆனா பேர மட்டும் போட்டுறாத" என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கும் அந்தப் பயம்தான். அதனால் என் பெயர் இதில் இருக்காது.

2

நான் பிறந்தது உறையூர். என் மாமனார் துறையூர்ப் பக்கத்துக்காரர். இளவயதிலேயே இங்கே வந்து, ஹட்டனுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்கும் கங்காணியாக இருந்தார். பிள்ளைகள் எல்லாம் தோட்டத்திலேயே பிறந்தார்கள். பெண் மட்டும் ஊரிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அப்படி வந்தவள் நான். ராமேஸ்வரத்தையே பார்த்திராதவள் கடலைத் தாண்டி, மலை ஏறி, கொழுந்து நனையும் மழையில் வந்து இறங்கினேன். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, மாமனார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு போவார். நான் போர்வைக்குள்ளேயே நடுங்கிக்கொண்டு, திருச்சியில் இந்நேரம் வெயில் ஏறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

கமலா வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் அப்பா வந்து என்னை அழைத்துப் போனார். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உறையூரில் கமலா பிறந்தாள். ஐந்தாம் மாதம் திரும்பியிருக்க வேண்டும். கைக்குழந்தையைக் கொண்டு கடல் தாண்டிப் போனால் அப்புறம் எப்போது வருவாய், ஒரு வயது முடிந்ததும் குலதெய்வம் கோயிலில் முடியிறக்கி, தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்திக்கொண்டு போ என்றாள் அம்மா. வீட்டுக்காரரும் சரி என்று எழுதினார். அப்படியே செய்தோம். என் அண்ணன் மடியில் உட்கார்ந்து கமலா அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பின்னால் ஒரு சட்டம் வரும், அது நான் அம்மா வீட்டில் இருந்த மாதங்களையெல்லாம் எண்ணிப் பார்க்கும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? இலங்கை சுதந்திரம் அடைந்ததும் அந்தச் சட்டம் வந்தது. அதற்குள் நாங்கள் தோட்டத்தை விட்டு நுவரெலியாவுக்கு வந்துவிட்டோம். கொழும்புக்கு லீக்ஸ், கரட் மாதிரி மலைக் காய்கறிகளைப் பெட்டி கட்டி அனுப்பும் ஒரு மொத்தக் கடையில் வீட்டுக்காரருக்குக் கணக்கு எழுதும் வேலை. இந்த நாட்டுப் பிரஜை ஆக வேண்டுமென்றால் இத்தனை வருஷம் இடைவெளியில்லாமல் இங்கேயே இருந்ததாகக் காட்ட வேண்டும் என்றார்கள். கணவன் இங்கேயே பிறந்து இங்கேயே இருந்தால் போதாது. மனைவியும் இருந்திருக்க வேண்டும். அவள் ஒரு வருஷத்துக்கு மேல் தொடர்ந்தாற்போல வெளியே போயிருந்தால் போச்சு.

மனுப் போட்டோம். சில வருஷம் கழித்து விசாரணைக்கு வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் தெருவே ஒளித்து வைக்க ஆரம்பித்தது. இந்தியக் கம்பெனிக் காலண்டர்கள் இறங்கின. திருச்சி என்று அச்சடித்த பாத்திரங்கள் பரணுக்குப் போயின. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நான் அம்மா வீட்டில் ஒரு வருஷத்துக்குக் குறைவாகத்தான் இருந்தேன் என்று சொல்வதாக நானும் வீட்டுக்காரரும் பேசி வைத்திருந்தோம்.

வந்தது இரண்டு பேர். ஆபீசர் முன்னறையில் உட்கார்ந்து வீட்டுக்காரரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். கூட வந்த கிளார்க் தமிழர், எங்கள் பக்கத்துப் பேச்சு. அவருக்கு அங்கே வேலை இல்லை போல, அடுப்படிப் பக்கம் வந்து நின்று தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். அந்த நேரத்தில் கமலா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள்.

"தோடு அழகா இருக்கே. தாய்மாமன் சீரா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாங்க. ஒரு வயசு முடிஞ்சு எங்க குலதெய்வம் கோயில்ல, எங்கண்ணன் மடியில உக்கார வச்சுத்தான் குத்தினோம்."

"அப்பறமா இங்க வந்தீங்களாக்கும்?"

"அதுக்கப்பறந்தான்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னறைக்குப் போனார். ஆபீசர் காதருகே குனிந்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில்தான் என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்தது. ஆபீசர் கேட்ட ஐம்பது கேள்விக்கு நாங்கள் தயாராக இருந்தோம். தோடு அழகாயிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. காது குத்து எப்போது நடக்கும், யார் மடியில் நடக்கும், மாமன் எந்த ஊரில் இருப்பான் என்றெல்லாம் தெரிந்த ஒருவரால்தான் அப்படிக் கேட்க முடியும். என் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கேட்டாரே என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மனு தள்ளுபடி ஆயிற்று. வீட்டுக்காரரும் இங்கேயே பிறந்த என் மகன் சேகரும் எந்த நாட்டுக்கும் ஆகாதவர்களாக நின்றார்கள். கமலா இந்தியாவில் பிறந்ததால் அவளுக்கு இந்திய பாஸ்போர்ட் கிடைத்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். அன்றிலிருந்து யாராவது நலம் விசாரித்தால் எதற்குக் கேட்கிறார் என்றுதான் முதலில் யோசிப்பேன்.

3

பாஸ்போர்ட் வேறாகிப்போன பெண்ணை இங்கே யாருக்குக் கொடுப்பது? முறை மாப்பிள்ளை திருச்சியில் இருந்தார். விசிட் விசாவில் வந்து, இங்கே கோயிலில் தாலி கட்டி, கமலாவை அழைத்துப் போனார். நானு ஓயா ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். நான் வந்த வழியிலேயே அவள் திரும்பிப் போகிறாள், அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அது தேறவில்லை என்பது வேறு விஷயம்.

போன ஆறே மாதத்தில் அவள் கடிதத்தில் "நம்ம ஊர்ல" என்று எழுதினால் அது திருச்சியாகிவிட்டது. "உங்க ஊர்ல குளிர் எப்படி இருக்கு?" என்று கேட்டு எழுதினாள். இந்தக் குளிரில் வளர்ந்தவள், பனி விழுந்த காலையில் கம்பளிச் சட்டையோடு பள்ளிக்கூடம் போனவள் கேட்கிறாள். பிள்ளைகள் விலகிப்போவது பெரிய சண்டையில் இல்லை, இப்படி ஒரு வார்த்தையில்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. அவள் மேல் கோபம் வந்தது. அப்புறம் நானும் இங்கே வந்த புதிதில் அம்மாவுக்கு அப்படித்தானே எழுதியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கர்ப்பம் என்று கடிதம் வந்தது. சந்தோஷத்தோடு கூடவே கலக்கமும் வந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில். தாய் நான் இருக்கிறேன், நுவரெலியாவில். நான் அங்கே போகலாம், தடுப்பார் இல்லை. ஆனால் போனால் திரும்பி உள்ளே விடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வீட்டுக்காரரையும் சேகரையும் விட்டுவிட்டு ஒரேயடியாகப் போவதா? முடியாது. அப்படியானால் கமலாதான் வர வேண்டும். வயிற்றுப்பிள்ளையோடு வருகிறவர்களை, இங்கே பெற்றுக்கொண்டு இங்கேயே தங்கிவிடுவார்கள் என்று சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. உண்மையோ பொய்யோ, என்னைப் போன்றவளுக்கு அந்தப் பேச்சே போதும்.

வயிறு வெளியே தெரிவதற்கு முன்னாலேயே வந்துவிடு, வளைகாப்பை இங்கே வைத்துக்கொள்ளலாம், கையில் வளையலோடு மட்டும் கிளம்பாதே என்று எழுதினேன். அதற்கு அண்ணியிடமிருந்து பதில் வந்தது. வளையல் அடுக்காமல் மருமகளை வாசல் தாண்ட விடமாட்டேன், ஊர் என்னைக் காறித் துப்பும் என்று. ஐந்தாம் மாதமே வளைகாப்பை நடத்தினார். இரண்டு கையிலும் முழங்கைக்குப் பாதி தூரம் கண்ணாடி வளையல். போட்டால் பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது, கழற்றினால் ஆகாது என்பதும் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பாஸ்போர்ட்டைப் பார்க்காமலே, கையைப் பார்த்தே இவள் பிள்ளைத்தாய்ச்சி என்று எங்கள் ஆட்கள் யாராயிருந்தாலும் சொல்லிவிடுவார்கள்.

அண்ணி, உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. பெண் கரையிலேயே திரும்பி வந்துவிடட்டும், பேரப்பிள்ளை நம் வீட்டில் பிறக்கட்டும் என்றுதான் நீங்கள் அப்படிச் செய்தீர்கள் என்று நினைத்தேன். இன்றைக்கும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

4

தனுஷ்கோடிவரை அண்ணன் கொண்டுவந்து கப்பல் ஏற்றிவிட்டார். இந்தப் பக்கம் தலைமன்னாரில் வீட்டுக்காரர் காத்துக்கொண்டிருந்தார். நான் நுவரெலியாவில் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சிங்கள ஆபீசர் இருந்தால் வளையலின் அர்த்தம் தெரியாது, விட்டுவிடுவார். தமிழர் இருந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். என் இனத்து ஆளே வேண்டாம் என்று சாமியிடம் கேட்கும் நிலைமைக்கு அந்தக் கிளார்க் என்னைக் கொண்டுவந்து விட்டிருந்தார்.

தமிழர்தான் இருந்திருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர். கமலா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாளாம். பாஸ்போர்ட்டை நீட்டினபோது வளையல் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று சத்தம் போட்டதாம். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கையெல்லாம் காப்பாக் கிடக்கு. புதுக் கலியாணமோ?"

"ஆமாங்க" என்றாள் கமலா.

"வடிவா இருக்கு, பிள்ளை. தாய் தேப்பனைப் பாக்கத்தானே?" என்று கேட்டுவிட்டு முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டார்.

அவர்கள் பக்கம் வளைகாப்பு என்கிற வழக்கமே இல்லையாம். வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரே மொழி பேசுகிறவர்தான், ஆனாலும் எங்கள் வளையல் அவரிடம் பேசவில்லை. அல்லது தெரிந்தும் தெரியாதது போல விட்டாரா? அப்படியும் இருக்கலாம் என்று கமலா சொன்னாள். நான் நம்பவில்லை. எனக்கு அவ்வளவு நல்லவர்களைப் பழக்கமில்லை.

பொல்கஹவெலையில் ரயில் மாறி, நானு ஓயாவில் இறங்கி, பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. இறங்கினதும் குளிருகிறது என்றாள்.

5

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது பலகைச் சுவர். அந்தப் பக்கம் பொடிமெனிக்கே என்கிற சிங்களப் பெண் குடியிருக்கிறாள். கணவர் மரக்கறிச் சந்தையில் லாரி ஓட்டுகிறார். நல்ல மனுஷிதான். நல்ல மனுஷி என்பதுதான் எனக்குச் சந்தேகம். பலகைச் சுவரில் ரகசியம் தங்காது, அதிலும் கண்ணாடி வளையல் போட்ட ஒருத்தி வீட்டில் இருந்தால்? கமலா தேங்காய் துருவினால் சத்தம், தலை பின்னினால் சத்தம், தூக்கத்தில் புரண்டு படுத்தாலும் சத்தம்.

கமலாவின் விசா அவளுடைய எட்டாம் மாதத்தோடு முடிவதாக இருந்தது. அதற்கு மேல் நீட்டிப்புக் கிடைப்பதற்குள் வயிற்று விஷயம் வெளியே போய்விடக் கூடாது என்று வீட்டுக்காரரின் கம்பளிச் சட்டையை அவளுக்குப் போட்டுவிட்டேன். கை மணிக்கட்டுவரை மூடிக்கொண்டது, வளையலும் அடங்கியது, வயிறும் மறைந்தது. இத்தனை வருஷமாக நான் திட்டிக்கொண்டிருந்த நுவரெலியாக் குளிர் முதல் தடவையாக எங்கள் பக்கம் நின்றது.

ஒரு நாள் விசாவைப் பார்க்க போலீஸ்காரர் வந்தார். வாசலில் நின்று பாஸ்போர்ட்டைப் பார்த்தார், கமலாவைப் பார்த்தார், போய்விட்டார். எல்லா விசிட்காரர்கள் வீட்டுக்கும் போவதுதான் என்றார் வீட்டுக்காரர். பொடிமெனிக்கே சொல்லித்தான் வந்திருப்பார் என்றேன் நான். மறுநாள் அவள் கித்துள் மரத்துக் கருப்பட்டி வட்டு ஒன்றையும் கொத்தமல்லிப் பொட்டலத்தையும் கொண்டுவந்து கொடுத்து, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடு என்று சிங்களத்தில் சொன்னாள். நான் சொல்லாமலே இவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கருப்பட்டியை வாங்கிக்கொண்டேன். அவள் போனதும், சொன்னவளும் இவள்தான் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அந்தப் பொம்பள நாலு பிள்ள பெத்தவ. கம்பளிச் சட்டையப் போட்டா அவளுக்குத் தெரியாதா?" என்றார் அவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வேறு சேர்த்துக்கொண்டார். பேய் இருந்ததா இல்லையா என்பது எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

6

நீட்டிப்புக்காகக் கொழும்புக்குப் போனேன். கமலாவை அந்த நிலையில் அலைக்கழிக்க முடியாது. டாக்டர் எழுதிக்கொடுத்த கடிதத்தை மாராப்புக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறினேன்.

சேகர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். புறக்கோட்டைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்கிறான். கொழும்பு எனக்குப் பிடிப்பதில்லை. எல்லோரும் எங்கேயோ தப்பித்து ஓடுகிறவர்களைப் போல நடக்கிறார்கள், ஓட்டலில் தண்ணீரைக்கூட யோசித்துத்தான் குடிக்க வேண்டியிருக்கிறது. சேகருக்கு அதுதான் பிடித்திருக்கிறது. தலையை வேறு மாதிரிச் சீவுகிறான். வழியில் பார்க்கிறவனையெல்லாம் மச்சாங் என்கிறான், அவர்கள் தமிழர்களா சிங்களவர்களா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவர்களிடம் சிரித்துப் பேசுகிறான், என்னிடம் வந்ததும் முகம் இறுகிவிடுகிறது. நான் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்து, "அம்மா, ஒருத்தரும் உங்களப் பாக்கல. சும்மா வாங்க" என்றான்.

ஆபீசில் எல்லாம் சிங்களம். எனக்குத் தெரிந்தது சந்தைச் சிங்களம். லீக்ஸ் விலை பேசுவேன், பேத்தியைக் கேட்டு வாங்கத் தெரியாது. சேகர்தான் பேசினான். நான் பத்து வார்த்தை சொன்னால் அவன் மூன்று வார்த்தையில் முடித்தான். மிச்சத்தை என்ன செய்கிறான் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த ஆபீசர் நடுவயதுக்காரர், கோபமில்லாத முகம். எங்கள் பழைய மனுவின் கட்டு அவர் மேசையில் இருந்தது.  நிதானமாகப் புரட்டிவிட்டு ஏதோ கேட்டார். சேகர் என் பக்கம் திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான்.

"என்னடா கேக்குறாரு?"

"அந்தத் தடவ பிள்ள பெறத் தாய் வீட்டுக்குன்னு இந்தியாவுக்குப் போனீங்களாம். இந்தத் தடவ இதுதான் தாய் வீடுன்னு சொல்றீங்களாம். எது உங்க வீடுன்னு கேக்குறாரு."

இருபது வருஷத்துக்கு மேலாக எனக்குள் கிடந்து புழுங்கினது எல்லாம் அந்த ஒரு கேள்வியில் மேலே வந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது.

"அப்ப எங்கம்மா அங்க இருந்தாங்க. இப்ப அவளோட அம்மா நான் இங்க இருக்கேன். இதுல என்ன சந்தேகம் இவருக்கு? கேளுடா."

சேகர் சொன்னான். ஆபீசர் அந்தப் பழைய கட்டை மூடி ஓரமாக வைத்தார். பிறகு எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு தடவை, பிரசவம் முடிந்து குழந்தைக்கு இரண்டு மாதம் ஆவதற்குள் அவள் கிளம்பிவிட வேண்டும். அதற்கு மேல் நீட்டிப்பு இல்லை. இந்தப் பெயருக்கு இன்னொரு தடவை விசா கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னாராம்.

வெளியே வந்ததும் நான் சொன்னதை அப்படியே சொன்னாயா என்று சேகரைக் கேட்டேன். "அப்பிடியேதான் சொன்னேன். கடைசிக் கேள்விய மட்டும் விட்டுட்டேன்" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அன்றைக்கு என்னிடம் அவன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்த ஆபீசர் எனக்கு இரங்கினாரா, இல்லை பின்னால் எதற்காவது குறித்து வைத்துக்கொண்டாரா? ரயிலில் வரும்போது முழுக்க அதே யோசனை. பட்டிப்பொலவில் யாரோ சொந்தக்காரரைப் பார்க்கப் போவதாகச் சொன்ன பக்கத்து சீட்டுப் பெண்மணி எந்த ஊர் என்று கேட்டார். ஹட்டன் என்று பொய் சொல்லிவிட்டேன்.

7

நுவரெலியா ஆஸ்பத்திரியில் சித்ரா பிறந்தாள். வளையல்களைக் கழற்றிப் பாதியைப் பிரசவம் பார்த்த நர்ஸுக்குக் கொடுத்தோம், அதுதான் முறை. பொடிமெனிக்கே வந்து, தன் மகளுக்கு இரண்டு வளையல் தரமுடியுமா என்று கேட்டாள். எதற்கு என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு நாலாகக் கொடுத்தேன். இப்போதும் பலகைக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் பாத்திரம் துலக்கும்போது வளையல் சத்தம் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் கமலா வீட்டில்தான் இருக்கிறாள் என்று ஒரு விநாடி ஏமாந்து போகிறேன்.

கெடு நெருங்கியது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சேகர் கொழும்பிலிருந்து வந்தான். குழந்தையைத் தூக்கத் தெரியாமல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கமலா சொன்னாள், தம்பி மடியில் வைத்துக் குழந்தைக்குக் காது குத்திக்கொண்டுதான் போவேன் என்று.

இதென்ன கூத்து, தலைகூட நிற்காத பிள்ளை, ஒரு வயசில் அங்கே எல்லோரும் கூடிக் குத்துவார்கள், உன் மாமியார் என்னை உயிரோடு விடமாட்டார் என்றேன்.

"அங்க யாரு மடியிலம்மா உக்கார வைக்கிறது?" என்றாள்.

நான் மூட்டையைக் கட்டுவதை நிறுத்திவிட்டேன். சேகர் எந்த நாட்டுக்கும் ஆகாதவன். அங்கே போகலாம், போனால் திரும்ப முடியாது. இவள் இனி இங்கே வர முடியாது. இரண்டு அரசாங்கமும் எங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. பேசி முடிக்கிறவரை குழந்தையின் காது காத்திருக்குமா? "உங்க ஊர்" என்று எழுதினவள், இவ்வளவையும் தனக்குள் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறாள். இவள் என்னை விட்டு விலகிவிட்டாள் என்று நான் நினைத்தது தப்பு என்று அப்போது தெரிந்தது. 

திங்கட்கிழமை காலையில் கடைத்தெருப் பத்தரைக் கோயிலுக்கே வரச் சொன்னோம். இவ்வளவு சின்னக் குழந்தைக்கு ஏன் அவசரப்படுகிறீர்கள் என்று அவரும் கேட்டார். மாமன் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவைத்தார். சேகர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். கமலா முன்னாலேயே எழுதிச் சொல்லி, அவன் கொழும்புச் செட்டியார் தெரு நகைக்கடையில் வாங்கிக் கொண்டுவந்திருந்த கடுகளவுத் தோடு இரண்டும் மஞ்சள் துணியில் இருந்தன. முதல் காதுக்குக் குழந்தை வீரிட்டது. இரண்டாவது காதுக்கு அது அழுததா என்று எனக்குத் தெரியாது. நான் சேகரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் எல்லோரையும் மச்சாங் என்கிற என் மகன், குழந்தையின் காதைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டு, நிமிரவே இல்லை.

புதன்கிழமை அவர்களை நானு ஓயாவில் ரயிலேற்றினோம்.

ஆகவே அண்ணி, தோஷம் ஒன்றும் இல்லை, சோசியன் யாரும் சொல்லவில்லை. மாமனும் மருமகளும் ஒரே ஊரில் இருந்தது அந்த நாலு நாள்தான். அதற்குள் முடித்தோம். உங்களிடம் கேட்காமல் செய்தது உங்களுக்கு வருத்தம் என்றால் அந்த வருத்தம் நியாயம்தான், பட்டுக்கொள்ளுங்கள்.

சித்ராவின் தோட்டைப் பார்த்து எங்கே குத்தினது என்று யார் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லி வளர்க்கும்படி கமலாவுக்கு எழுத நினைத்திருந்தேன். இவ்வளவும் எழுதி முடித்த பிறகு மனசு மாறிவிட்டது. சொல்லட்டும். நுவரெலியாவில், எங்க மாமா மடியில் என்று நாலு பேர் கேட்கச் சொல்லட்டும்.

கேட்கிறவர் சப்பாத்து போட்டிருந்தால் மட்டும் ஒரு தடவை யோசித்துக்கொள்ளட்டும்.